ஏழு பேர் ஏறும் மலை வண்டி: நீலகிரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் மூன்று வரிசை வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கார் விமர்சனங்களில் பெரும்பாலானவை சமவெளியில் ஓட்டிப் பார்த்து எழுதியவை. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் சுமார் 1,900 மீட்டர் உயர வித்தியாசம். அதை வாராவாரம் ஏறி இறங்குகிற குடும்பத்துக்குக் கணக்கே வேறு. ஆள் நிரம்பிய வண்டி எப்படி இறங்குகிறது, கடைசி வரிசையில் இருப்பவர் எந்த நிலையில் வந்து சேருகிறார், இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் எந்த வண்டியையும் எடை போடுகிறேன். விலையை எழுதவில்லை, அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

எங்களுக்கு ஏழு இருக்கை தேவைதானா?

போன வருடம் ஐந்து பேருக்கு மேல் ஒன்றாகப் போன நாட்களை வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி, உறவில் ஒரு கல்யாணம், ஒரு பழனிப் பயணம், அவ்வளவுதான் என்றால் ஐந்து இருக்கை வண்டியே போதும். அந்த நாட்களுக்கு மட்டும் வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம். தாத்தா, பாட்டி, பள்ளி போகிற இரண்டு பிள்ளைகள், மாதம் இரண்டு தடவை கோவை மருத்துவமனை என்கிற வீடாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மூன்றாவது வரிசை தேவை.

அப்புறம் அந்த வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பத்து வயதுப் பிள்ளையா, ஆறடி உயர மச்சானா என்பதைப் பொறுத்து வாங்க வேண்டிய வண்டியே மாறிவிடும்.

கிராஸ்ஓவர், எஸ்யூவி, எம்பிவி எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. மலைக்கு எது?

பெயரை விடுங்கள், அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கியா கேரன்ஸ், ஹூண்டாய் அல்கசார், மஹிந்திரா எக்ஸ்யூவி 700, டாடா சஃபாரி, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் எல்லாம் கார் மாதிரி ஒரே கூடாகச் செய்த உடம்பு. இன்னோவா கிரிஸ்டா, ஸ்கார்பியோ என், பொலிரோ நியோ, ஃபார்ச்சூனர் எல்லாம் லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடம்பை உட்கார வைத்தவை.

தார் ரோட்டில் குடும்பத்தோடு போவதற்கு முதல் வகைதான் நல்லது. கொண்டை ஊசி வளைவில் சாய்வது குறைவு, கடைசி வரிசையில் குலுக்கலும் குறைவு. தேயிலைத் தோட்டத்துக்குள் மண் பாதையில் மழைக்காலத்திலும் போய்வர வேண்டிய வீடு என்றால் சட்டத்தின் மேல் நிற்கிற வண்டி தாங்கும். வருடத்தில் நாலு தடவை தோட்டத்துக்குப் போவதற்காக மீதி நாளெல்லாம் குலுங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

மூன்றாவது வரிசையை ஷோரூமில் எப்படிச் சோதிப்பது?

முதலில் நடு வரிசையை உங்கள் காலுக்கு வசதியாகத் தள்ளி வையுங்கள். விற்பனையாளர் அதை முழுக்க முன்னால் தள்ளிவிட்டுத்தான் பின்னிருக்கையைக் காட்டுவார். அப்புறம் பின்னால் போய் உட்காருங்கள். தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரம் என்று கவனியுங்கள். முழங்கால் நெஞ்சை நோக்கி மடங்கி, தொடைக்கு அடியில் இடைவெளி விழுந்தால், குன்னூர் ஏறுகிற வழியில் பர்லியார் தாண்டும்போதே இடுப்பு வலி ஆரம்பித்துவிடும். எக்ஸ்யூவி 700, ஸ்கார்பியோ என் இரண்டிலும் இந்தக் குறை உண்டு; அங்கே பிள்ளைகளைத்தான் உட்கார வைக்கலாம். ஹைகிராஸிலும் கிரிஸ்டாவிலும் பெரியவர்கள் கோவை வரை நிம்மதியாகப் போகலாம். கேரன்ஸ் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் அதன் விலைக்கு நல்ல இடம் தருகிறது.

உட்கார்ந்தபடியே தலைக்கும் கூரைக்கும் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். ஒரு கை அகலமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது தலை இடிக்கும். தலைசாய்ப்பானை மேலே இழுத்துப் பூட்டிப் பாருங்கள். பின் கண்ணாடி தலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றும் திரும்பிப் பாருங்கள்.

ஏறி இறங்குவதை வீட்டில் அதிகம் சிரமப்படுகிறவரை வைத்துச் சோதியுங்கள். சேலை கட்டிய பாட்டி சஃபாரியின் உயரமான படியில் கால் வைத்து ஏறுவதற்கும் மாருதி எர்டிகாவில் ஏறுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவரே சொல்லிவிடுவார். பாட்டிக்கு எப்போதும் முன்னிருக்கை அல்லது நடு வரிசை. நடுவில் தனித்தனி இரண்டு இருக்கை உள்ள ஆறு பேர் வண்டி என்றால் இடையில் நடந்தே பின்னால் போய்விடலாம், பிள்ளைகளுக்கு அது வசதி. நடு வரிசையில் குழந்தை இருக்கை மாட்டியிருந்தால் அந்தப் பக்கம் இருக்கையை மடித்துப் பின்னால் போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக டிக்கி. மூன்றாவது வரிசையை நிமிர்த்தி வைத்த நிலையில் ரெனோ டிரைபரில் மிஞ்சுவது 84 லிட்டர், இரண்டு பள்ளிப் பை. எர்டிகாவில் 209, கேரன்ஸில் 216 லிட்டர். ஏழு பேர் இரண்டு நாள் ஊருக்குப் போனால் பெட்டியை எங்கே வைப்பது? கூரை மேல் என்று பதில் வரும். மேலே பாரம் ஏற ஏற வளைவில் வண்டி சாய்வது கூடும், அதனால் மெத்தை, துணி மாதிரி லேசான சாமானை மட்டும் அங்கே கட்டுங்கள்.

பெட்ரோலா, டீசலா?

ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். எர்டிகாவின் 103 குதிரைத்திறன் ஊட்டி வரும்போது 80 சொச்சம் ஆகிவிடும். டர்போ உள்ள இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

இதோடு ஆள் எடையையும் சேருங்கள். ஆளுக்கு 65 கிலோ வைத்தால் ஏழு பேர் 455 கிலோ. எர்டிகாவின் சொந்த எடை 1,150 முதல் 1,200 கிலோதான். 950 கிலோ டிரைபருக்கு அதன் எடையில் பாதி கூடுதல் சுமை. டிரைபரின் ஒரு லிட்டர் இன்ஜினுக்கு இழுவிசை 96 நியூட்டன் மீட்டர், எர்டிகாவுக்கு 137, கேரன்ஸ் டீசலுக்கு 250, கிரிஸ்டாவுக்கு 343. வளைவில் வேகம் செத்துப்போய் மறுபடி எடுக்கும்போது உதவுவது இந்த இழுவிசைதான். எர்டிகா ஏறாமல் போகாது. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் இன்ஜினை அலற விட்டு ஏற வேண்டும், முன்னால் போகிற லாரியைத் தாண்ட இடம் கிடைத்தாலும் தெம்பு இருக்காது.

வாராவாரம் ஆள் நிரப்பி ஏறுகிறவர்களுக்கு டீசல்தான் என் முதல் தேர்வு. ஆனால் ஒரு எச்சரிக்கை. 2020-க்குப் பிறகு வருகிற டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஒரே சீராகக் கொஞ்ச தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். குளிரில் வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து மார்க்கெட் என்று தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். மாதம் இரண்டு தடவையாவது கோவை ரோட்டில் நீண்ட ஓட்டம் இருக்கிற வீட்டுக்குத்தான் டீசல் ஒத்துவரும். ஊருக்குள் மட்டும் சுற்றுகிறவர்கள் பெட்ரோலே வாங்குங்கள்.

சிஎன்ஜி? எர்டிகா சிஎன்ஜியில் சிலிண்டர் டிக்கியை எடுத்துக்கொள்ளும், இன்ஜின் பலமும் குறையும். மலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஹைகிராஸ் முன் சக்கரத்தில் ஓடுகிறது, கிரிஸ்டா பின் சக்கரத்தில். மலையில் வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். கடைசி வரிசையில் ஆளும் டிக்கியில் சாமானும் இருந்தால் இன்னும் அதிகம். அப்போது முன் சக்கரத்தின் பிடி குறைகிறது. மழையில், வளைவின் உள்பக்கத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போது முன் சக்கரம் சுற்றும், ஸ்டீயரிங் கையில் லேசாகும். பின் சக்கரத்தில் ஓடும் வண்டி அந்த இடத்தில் கெட்டியாகப் பிடித்துப் போகும். மலையில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் கிரிஸ்டாவைக் கைவிட மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

அதற்காக முன் சக்கர வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. இப்போதைய வண்டிகளில் சக்கரம் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வசதியும் ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதியும் இருக்கின்றன. இவை இல்லாத மாடலை வாங்காதீர்கள். நல்ல டயர் பாதி வேலையைப் பார்த்துவிடும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் முழுப் பாரத்துக்கான காற்றழுத்தம் தனியாகப் போட்டிருக்கும், ஏழு பேர் போகும்போது அதைப் பாருங்கள். நாலு சக்கர ஓட்டம் தார் ரோட்டுக்குத் தேவையே இல்லை.

ஆட்டோமேட்டிக் வாங்கலாமா?

வாங்கலாம், எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். மே மாத சீசனில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை வண்டிகள் ஒட்டி ஒட்டி நகரும். அந்த நேரத்தில் இரட்டை கிளட்ச் வகை, அதாவது கேரன்ஸ், அல்கசார் டர்போ பெட்ரோலில் வருகிற டிசிடி, சூடாகும். வண்டியை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் பிடித்து நிறுத்தாமல் பிரேக்கால் பிடித்து நிறுத்தினால் பிரச்சினை குறைவு. கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே பலத்தைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை மலைக்கு எல்லாவற்றையும்விட நிம்மதி. கேரன்ஸ் டீசல், எக்ஸ்யூவி 700, சஃபாரி, எர்டிகா எல்லாவற்றிலும் அதுதான். டிரைபரில் வருகிற ஏஎம்டி, அதாவது மேனுவல் கியரையே தானாக மாற்றிக்கொள்ளும் வகை, ஏற்றத்தில் கியர் மாறும்போது ஒரு நொடி தயங்கும். முழுப் பாரத்தில் அந்தத் தயக்கம் வளைவில் வந்து நிற்கும். கிரிஸ்டா டீசல் இப்போது மேனுவலில் மட்டுமே கிடைக்கிறது.

இறங்கும்போது பிரேக் தீய்ந்த வாசனை வருகிறது. வண்டி சரியில்லையா?

பெரும்பாலும் ஓட்டுகிற முறைதான் காரணம். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை டிரைவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது கியரில் ஏறிய வளைவை மூன்றாவதில் இறங்கி, மீதி வேகத்தை பிரேக்கில் பிடித்தால், டிஸ்க்கும் பேடும் சூடேறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. ஏழு பேர் எடை இருந்தால் அந்தக் கட்டம் சீக்கிரமே வரும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பழக்கமில்லாத டிரைவர்கள் இந்தத் தவறைச் செய்து நடந்த விபத்துகளால்தான் வெளியூர் வண்டிகளை அந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை.

ஆகவே வண்டி தேர்ந்தெடுக்கும்போது இன்ஜின் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் கியரை நாமே கீழே இறக்கி, அது அங்கேயே நிற்கிறதா என்று சோதியுங்கள். சில வண்டிகளில் கொஞ்ச நேரத்தில் தானாக மேல் கியருக்குப் போய்விடும், அது எரிச்சல் மட்டுமில்லை, ஆபத்தும்கூட. ஹைகிராஸ் ஹைப்ரிட்டில் இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஏறும். ஆனால் அது சின்ன பேட்டரி, பாதி வழியிலேயே நிரம்பிவிடும். அதன்பிறகு பிடித்து நிறுத்தும் வேலைக்காக இன்ஜின் தானாகச் சுற்றும், சத்தம் கூடும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

வாசனை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி ஆற விடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது சட்டப்படியும் இறங்குகிறவரின் கடமை.

பின்னால் உட்காரும் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுக்கிறார்கள். எந்த வண்டியில் இது குறையும்?

கடைசி வரிசை பின் சக்கரத்துக்கு மேலேயோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. வளைவில் வால் பகுதி அதிகமாக வீசும், வெளியே பார்க்கிற கண்ணாடி சின்னது, பல வண்டிகளில் அது திறக்கவும் திறக்காது. கண்ணுக்கு அசைவு தெரியாமல் உடம்புக்கு மட்டும் தெரிந்தால் வயிறு புரட்டும். அதனால் பின் கண்ணாடி பெரிதாக இருக்கிற வண்டி, பின் வரிசைக்குத் தனிக் காற்று வழி இருக்கிற வண்டி இரண்டும் உதவும். ஊட்டியில் ஏசி எதற்கு என்று நினைப்போம், பின்னால் இருக்கிற பிள்ளைக்குக் காற்று போவதே அதன் வழியாகத்தான்.

வாந்தி எடுக்கிற பிள்ளையை நடு வரிசையில் உட்கார வைத்து, போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முழு வயிறும் வேண்டாம், காலி வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே பிரேக் பிடித்து, உள்ளே சீராக எடுத்துப் போகிற டிரைவர் இருந்தால் பாதி வாந்தி நின்றுவிடும்.

எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) ரோடு குறுகல். எவ்வளவு பெரிய வண்டி தாங்கும்?

டேப் எடுத்து அளந்துவிடுங்கள். எர்டிகா 4.4 மீட்டர் நீளம், 1.74 அகலம். கேரன்ஸ் 4.54 நீளம், 1.8 அகலம். ஹைகிராஸ் நீளம் 4.75-க்கு மேல், சஃபாரி அகலம் 1.92. இந்த அகலம் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத கணக்கு. வீட்டு வாசலில் ஒரு பக்கம் தடுப்புச் சுவர், மறு பக்கம் சரிவு என்றால், தினமும் காலையில் ரிவர்ஸ் எடுக்கப் போவது யார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அந்த இடத்தில் சுற்றிலும் காட்டும் கேமரா பணத்துக்குத் தகுந்த வசதி. சன்ரூஃபுக்குக் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுங்கள்.

மின்சார வண்டி மலை ஏறுமா?

நன்றாக ஏறும், உயரத்தால் பலம் குறையாது. ஆள் நிரம்பி 2,150 கிலோ எடையுள்ள வண்டியை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தூக்கவே 11 யூனிட் மின்சாரம் வேண்டும். சாதாரண ஓட்டத்துக்கு ஆகிற செலவு அதற்கு மேல். கேரன்ஸ் கிளாவிஸ் ஈவியின் பெரிய பேட்டரி 51.4 யூனிட், ஆகவே கோவையிலிருந்து கிளம்பினால் தாராளமாக வந்து சேரலாம். இறங்கும்போது ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். ஆனால் வீட்டில் முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டார் பிடிக்காது, எல்லாம் பிரேக் தலையில் விழும். இறங்குகிற நாளில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர்கள் இப்போதைக்குப் பொறுத்திருக்கலாம்.

ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்றால் கடைசி வரிசைக்கும் பாதுகாப்புதானே?

நட்சத்திரம் அவசியம் பாருங்கள், ஆனால் அந்த நட்சத்திரத்தைத் தருகிற பாரத் என்சிஏபி மோதல் சோதனையில் பொம்மைகள் முன் வரிசையிலும் நடு வரிசையிலும்தான் உட்காருகின்றன. மூன்றாவது வரிசைக்கு நாமே மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், உயர்த்தக்கூடிய தலைசாய்ப்பான், பக்கவாட்டுக் காற்றுப்பை கடைசி ஜன்னல் வரை விரிகிறதா என்பது. மூன்றாவதைக் கேட்டால் பல ஷோரூம்களில் முழிப்பார்கள். கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெல்ட் எல்லா வரிசைக்கும் சட்டப்படி கட்டாயம்.

பனிமூட்டத்துக்கு என்ன பார்க்க வேண்டும்?

பின் வைப்பர், பின் கண்ணாடியைச் சூடாக்கும் வசதி, பனிவிளக்கு. வெள்ளையும் வெள்ளி நிறமும் மூட்டத்தில் கரைந்துபோகும், சிவப்பு நன்றாகத் தெரியும். ரோட்டில் காட்டெருமை நிற்கிற ஊர் இது, விளக்கைத் தாழ்த்திப் போட்டு மெதுவாகப் போங்கள்.

வரி, பதிவு எப்படி?

2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன இன்ஜின் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40. மூன்று வரிசையில் டிரைபர் மாதிரி வண்டிக்குத்தான் 18 கிடைக்கும். மின்சார வண்டிக்கு 5. தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். விலை 10 லட்சத்தை ஒட்டி இருந்தால் மாடலைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள், ஒரு படி தாண்டினால் வரி மட்டுமே அரை லட்சத்துக்கு மேல் கூடும்.

கோவையில் வாங்கினாலும் ஊட்டி முகவரியில் டி.என். 43 பதிவு எடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு நடப்பில் இருக்கும் இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) முறையில் உள்ளூர்ப் பதிவு வண்டிகளுக்கு விலக்கு உண்டு.

சீசனில் வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாமா?

வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீடு கை விரித்துவிடும்.

பழைய வண்டி வாங்கினால்?

நல்ல கிரிஸ்டா கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கோவைச் சந்தைக்குச் சென்னை வண்டிகளும் வருகின்றன, 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியவை அதில் இருக்கக்கூடும். கடைசி வரிசை பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள்; உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். மலையில் ஓடிய வண்டி என்றால் கிளட்ச்சையும் டிஸ்க்கின் விளிம்பையும் மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள்.

கடைசியில் எதை வாங்கச் சொல்கிறீர்கள்?

பணம் தடையில்லை, பின்னால் பெரியவர்கள் உட்காருவார்கள் என்றால் ஹைகிராஸ். டிரைவர் மேனுவலுக்குப் பழகியவர், ஓட்டமும் அதிகம் என்றால் கிரிஸ்டா. நடுத்தரப் பட்ஜெட்டில், பிள்ளைகள் பின்னால், மாதம் சில தடவை கோவை என்றால் கேரன்ஸ் டீசல். பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது வரிசை எப்போதாவதுதான் வேண்டும் என்றால் எர்டிகா. டிரைபர் ஊருக்குள் அருமையான வண்டி, ஏழு பெரியவர்களோடு காட் ரோடு ஏற்ற வேண்டாம்.

டெஸ்ட் டிரைவ் எங்கே எடுப்பது?

அவிநாசி ரோட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதில் நமக்குப் பயன் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறிலிருந்து பர்லியார் வரை ஏறி, அப்படியே திரும்பி இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்குங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் வாருங்கள். போகும்போது ஒரு வளைவில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். வரும்போது வண்டி வாங்குகிறவர் கடைசி வரிசையில் உட்காரட்டும். அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம் என்றால் வேறு ஷோரூமைக் கேளுங்கள். அதே கம்பெனிக்கு இன்னொரு டீலர் கோவையிலேயே இருப்பார்.